கொலஸ்ட்ரால் மாத்திரையை நிறுத்துனதும் கால் வலி கொறஞ்சுதா? திருப்பாப்புலியூர் அம்மாவுக்கு ஒரு பதில்

கடலூர் திருப்பாப்புலியூர்ல இருந்து ஒரு அம்மா எழுதியிருக்காங்க. பேர் போட வேண்டாம்னு கேட்டிருக்காங்க, போடலை. நாலு பக்கக் கடிதம், சுருக்கி இங்க தர்றேன்.

"டாக்டர் சார், என் வீட்டுக்காரருக்கு 54 வயசு, சிப்காட்ல ஒரு கம்பெனில ஷிப்ட் சூப்பர்வைசர். சுகர் ஏழு வருஷமா இருக்கு. நாலு மாசம் முன்னாடி நெஞ்சு வலி வந்து பாண்டில அட்மிட் பண்ணி ஒரு ஸ்டென்ட் வச்சாங்க. கொலஸ்ட்ராலுக்கு அட்டோர்வாஸ்டாட்டின் 80, அப்புறம் ஆஸ்பிரின், டிகாக்ரெலார், மெட்டோப்ரோலால், சுகர் மாத்திரை எல்லாம் எழுதிக் குடுத்தாங்க. கெட்ட கொலஸ்ட்ரால் எல்.டி.எல். 142 இருந்தது, ஒன்றரை மாசத்துல 68 ஆச்சு. அதுக்கப்புறம் கூட்டாளிங்களோட தேவனாம்பட்டினம் பீச்ல தினமும் காலைல ஒரு மணி நேரம் மணல்ல வெறுங்கால்ல நடக்க ஆரம்பிச்சார். ஒன்றரை மாசமா ரெண்டு தொடையும் கெண்டைக்காலும் வலின்னு சொல்றார், பாத்ரூம்ல உக்காந்தா பைப்பைப் பிடிச்சுதான் எழுந்திரிக்கிறார். கூட நடக்குறவர் ஒருத்தர் அந்த கொலஸ்ட்ரால் மாத்திரை சதையைத் தின்னுடும்னு சொல்லிட்டார். மூணு வாரமா அந்த ஒரு மாத்திரையை மட்டும் ஜன்னல் வழியா வீசிட்டு இருந்திருக்கார், தென்னமரத்தடில பெருக்கும்போது என் கைல கெடச்சுது. வாக்கிங்கும் நிறுத்திட்டார். இப்ப வலி பாதி கொறஞ்சிருக்கு, பாத்தியா நான் சொன்னது சரிதானேங்கிறார். பூண்டுப் பாலும் மருதம்பட்டை கசாயமும் போதும்னு சொல்றார். போதுமா சார்? மறுபடி நடக்கலாமா? நான் எழுதினது அவருக்குத் தெரியாது. பின்குறிப்பு: இடுப்புல படர்தாமரை வந்து மெடிக்கல்ல கேட்டு இட்ராகோனசோல் கேப்சூல் வாங்கி ஒரு மாசம் சாப்பிட்டார், அது முடிஞ்சும் மூணு வாரம் ஆச்சு, தோல் நல்லா ஆயிடுச்சு."

அம்மா, கடைசியா பின்குறிப்புன்னு போட்டு எழுதினீங்க பாருங்க, நாலு பக்கத்துலயும் எனக்கு அதுதான் முக்கியமான வரி. அதுக்கு வர்றேன். அதுக்கு முன்னாடி இன்னைக்கே பாக்க வேண்டியது ரெண்டு இருக்கு, இதைப் படிச்சு முடிக்கிறதுக்குக் கூட காத்திருக்காதீங்க.

மொதல்ல மாத்திரை அட்டை எல்லாத்தையும் எடுத்து எண்ணிப் பாருங்க. அவர் வீசுனது அட்டோர்வா மட்டும்தானா, இல்ல ஆஸ்பிரினும் டிகாக்ரெலாரும் சேந்து போயிடுச்சான்னு தெரியணும். அது ரெண்டும் ஸ்டென்ட்டுக்குள்ள ரத்தம் உறையாம பாத்துக்கிற மாத்திரை, ஸ்டென்ட் வச்சு நாலே மாசத்துல அதுல கை வச்சா ஸ்டென்ட் திடீர்னு அடைச்சுக்கலாம், அப்படி அடைச்சா ஆஸ்பத்திரி போய்ச் சேர்ற நேரம் கூட சிலருக்குக் கெடைக்கிறதில்லை. எண்ணிக்கை ஒத்து வரலைன்னா நாளைக்குன்னு தள்ளாதீங்க, இன்னைக்கே இதய டாக்டர் கிட்ட கூட்டிட்டுப் போங்க. ரெண்டாவது, யூரின் என்ன கலர்ல போகுதுன்னு அவர்கிட்ட கேளுங்க. கருப்பட்டிக் காபி மாதிரி அடர் பழுப்பா போனா, இல்ல வலியை விட பலவீனம் அதிகமாகி மாடிப்படி ஏறவே முடியலைன்னு ஆனா நேரா கேஷுவாலிட்டிக்குப் போங்க, அது தசை உடைஞ்சு கிட்னில போய் அடைக்கிறதோட அடையாளம். உங்க கடிதத்துல அந்த மாதிரி எதுவும் இல்லை, வலியும் கொறைஞ்சுட்டு வருது, அதனால அப்படி இருக்காதுன்னுதான் நினைக்கிறேன், ஆனா கேக்காம விடக்கூடாது.

இப்ப விஷயத்துக்கு வருவோம். "மாத்திரையை நிறுத்தினேன், வலி கொறைஞ்சுது, அப்ப மாத்திரைதான் காரணம்"னு உங்க வீட்டுக்காரர் போடுற கணக்கைக் கேட்டா சரியாத்தான் தோணும், யாரா இருந்தாலும் அப்படித்தான் நினைப்பாங்க. ஆனா நீங்க எழுதினதை வச்சு நான் ஒரு பேப்பர்ல தேதி போட்டுப் பாத்தேன். அட்டோர்வா 80 ஆரம்பிச்சு நாலு மாசம் ஆகுது, அதுல மொத ரெண்டு மாசத்துக்கு மேல ஒரு வலியும் இல்லை. அந்த ரெண்டு மாசத்துக்குள்ளயே மணல் நடையும் ஆரம்பிச்சுடுது. அடுத்து இட்ராகோனசோல் கேப்சூல் ஆரம்பிக்குது. கேப்சூல் ஆரம்பிச்ச கொஞ்ச நாள்ல வலி வருது. மூணு வாரம் முன்னாடி அட்டோர்வாவை நிறுத்துறார், அதே வாரம் நடையையும் நிறுத்துறார், அதே சமயத்துல கேப்சூலும் முடிஞ்சு போச்சு. நிறுத்தினது மூணு, பழி விழுந்தது ஒண்ணு மேல. அந்த மூணுல எது வலியைக் கொண்டு வந்ததுன்னு இப்ப அவரும் சொல்ல முடியாது, நானும் சொல்ல முடியாது, பீச்ல கூட நடக்குறவரும் சொல்ல முடியாது.

ஆனா எதை மொதல்ல சந்தேகப்படணும்னு என்னால சொல்ல முடியும்.

அட்டோர்வாஸ்டாட்டின் உடம்பை விட்டு வெளியேறணும்னா கல்லீரல்லயும் குடல்லயும் இருக்கிற சி.ஒய்.பி. 3ஏ4ங்கிற ஒரு என்சைம் அதை உடைக்கணும். இட்ராகோனசோல் அந்த என்சைமைத்தான் கட்டிப் போடுது. மாத்திரை உள்ள போயிட்டே இருக்கு, வெளிய போற வழி அடைச்சிருக்கு, அப்ப ரத்தத்துல அட்டோர்வாவோட அளவு ஏறிக்கிட்டே போகும், சோதிச்சுப் பாத்தப்போ மூணு மடங்குக்கு மேல ஏறியிருக்கு. அவர் ஏற்கனவே சாப்பிட்டது 80 எம்.ஜி., அதுதான் அட்டோர்வாவோட உச்ச டோஸ். அதுக்கு மேல இன்னும் பல மடங்குன்னா தசை வலிக்காம என்ன செய்யும்? இட்ராகோனசோல் சாப்பிடுறவங்களுக்கு அட்டோர்வாவை 20 எம்.ஜி.க்கு மேல தராதீங்கன்னு மருந்து கம்பெனியோட லேபிள்லயே எழுதியிருக்கும். டிகாக்ரெலாரையும் உடைக்கிறது இதே என்சைம்தான், அதனால டிகாக்ரெலார் சாப்பிடுறவருக்கு இட்ராகோனசோல் குடுக்கவே கூடாது, ரத்தம் கசியுற ஆபத்து ஏறிடும். போதாக்குறைக்கு இட்ராகோனசோல் இதயத்தோட பம்பிங்கையும் கொறைக்கக் கூடியது, ஹார்ட் அட்டாக் வந்தவருக்கு அது வேற கவலை. இந்த ஒரு மாசத்துல ஈறுல, மூக்குல ரத்தம் வந்துச்சா, மலம் கருப்பா போச்சா, கால் வீங்குச்சா, படுத்தா மூச்சு வாங்குச்சான்னு கேட்டு வச்சுக்கோங்க, டாக்டர் கிட்ட சொல்லணும்.

நம்ம ஊர் கடலோர வெக்கையிலயும் வேர்வையிலயும் படர்தாமரை இல்லாத தெருவே இல்லை, அதுக்கு இந்த கேப்சூலை மெடிக்கல்ல கேட்டு வாங்கிச் சாப்பிடுறவங்களும் அவ்வளவு பேர். தோல் பிரச்சினைக்கும் இதய மாத்திரைக்கும் என்ன சம்பந்தம்னு யாருக்கும் தோணாது, அதுல அவரைக் குத்தம் சொல்ல ஒண்ணுமில்லை. நானே பாடம் கத்துக்கிட்டது ஒரு நோயாளி கிட்டதான். என் ஆரம்ப வருஷங்கள்ல சிம்வாஸ்டாட்டின்ங்கிற இன்னொரு கொலஸ்ட்ரால் மாத்திரை சாப்பிட்டுக்கிட்டு இருந்த ஒரு மீனவர் கால் தூக்க முடியலைன்னு வந்தார், நான் மூணு தடவை கேட்டும் வேற மாத்திரை எதுவும் இல்லைன்னு சொன்னார், கடைசில அவர் பொண்ணுதான் நெஞ்சுச் சளிக்கு வேற இடத்துல ஒரு ஆன்டிபயாட்டிக் குடுத்தாங்கன்னு அட்டையைக் கொண்டு வந்து காட்டுச்சு. அது க்ளாரித்ரோமைசின், அதுவும் இதே என்சைமைக் கட்டுற மருந்து. அட்மிட் பண்ணி டிரிப் ஏத்தி கிட்னியைக் காப்பாத்தினோம். அதுல இருந்து "வேற மாத்திரை சாப்பிடுறீங்களா"ன்னு நான் கேக்குறதை விட்டுட்டேன், "தோலுக்கு, சளிக்கு, மூட்டுக்கு, நாட்டு மருந்துன்னு கடந்த ரெண்டு மாசத்துல வாய்ல போட்டது எல்லாத்தையும் சொல்லுங்க"ன்னுதான் கேக்குறேன்.

ரெண்டாவது சந்தேகம் மணல் மேல. பீச்ல காய்ஞ்ச மணல்ல நடக்குறதுக்கு கெட்டித் தரையில நடக்குறதை விட ரெண்டு மடங்குக்கு மேல சக்தி செலவாகும், கால் ஒவ்வொரு அடிக்கும் புதையுது, கெண்டைக்காலும் தொடையும் அதை இழுத்து இழுத்து வெளிய எடுக்கணும். தண்ணி ஓரமா ஈர மணல்ல போனா கெட்டியா இருக்கும்தான், ஆனா அங்க சரிவு, ஒரு கால் எப்பவும் தாழ்ந்து நிக்கும், இடுப்பும் முட்டியும் அதுல மாட்டிக்கும். ஹார்ட் அட்டாக் வந்து ஒன்றரை மாசம் வீட்ல கெடந்த மனுஷன், தசையெல்லாம் இளைச்சுப் போய் இருக்கும்போது எடுத்த எடுப்புல தினமும் ஒரு மணி நேரம் மணல்ல நடந்தா மாத்திரையே சாப்பிடாட்டியும் வலிக்கத்தான் செய்யும். அதோட அம்மா, ஏழு வருஷம் சுகர் இருக்கிறவர் வெறுங்கால்ல பீச்ல நடக்கவே கூடாது. கிளிஞ்சல், மீன் முள்ளு, கண்ணாடித் துண்டு எது கிழிச்சாலும் அவர் பாதத்துக்கு உணர்ச்சி கொறைஞ்சிருந்தா தெரியாது, அப்படி ஒரு சின்னக் கீறல்ல ஆரம்பிச்சு விரலை எடுக்குற வரைக்கும் போன கால்களை நான் நிறைய பாத்திருக்கேன். இன்னைக்கு ராத்திரி அவர் ரெண்டு பாதத்தையும் விரல் இடுக்கோட டார்ச் அடிச்சுப் பாத்துடுங்க.

மூணாவதுதான் மாத்திரை. அட்டோர்வா மாதிரி கொலஸ்ட்ராலைக் கொறைக்கிற ஸ்டாட்டின் மாத்திரையால தசை வலி வராதுன்னு நான் சொல்ல மாட்டேன். வரும். ஆனா எவ்வளவு பேருக்கு வருதுங்கிறதைத் தெரிஞ்சுக்கணும். நிஜ மாத்திரை ஒரு பாதிப் பேருக்கு, அதே மாதிரி இருக்கிற வெத்து மாத்திரை மறுபாதிப் பேருக்குன்னு, யாருக்கு எதுன்னு நோயாளிக்கும் தெரியாம டாக்டருக்கும் தெரியாம குடுத்து நடத்தின 19 ஆய்வுகள், கிட்டத்தட்ட 1,24,000 பேர், அத்தனையையும் சேத்துக் கணக்குப் போட்டு 2022-ல வெளியிட்டாங்க. தசை வலின்னு சொன்னவங்க ஸ்டாட்டின் சாப்பிட்டவங்கள்ல 27.1 சதவீதம், வெத்து மாத்திரை சாப்பிட்டவங்கள்ல 26.6 சதவீதம். அந்த ஆய்வுகள்ல நாலு பேர்ல ஒருத்தருக்கு ஏதோ ஒரு தசை வலி வந்திருக்கு, மாத்திரை சாப்பிட்டாலும் சாப்பிடாட்டியும். ஸ்டாட்டினால கூடுதலா வர்றது பெரும்பாலும் மொத வருஷத்துல, ஆயிரம் பேருக்கு ஒரு பதினோரு பேர் அளவுல.

இன்னொரு ஆய்வும் இருக்கு, 2020-ல வந்தது. பக்க விளைவு தாங்கலைன்னு ஸ்டாட்டினை நிறுத்தின 60 பேரையே மறுபடி கூப்பிட்டு பன்னெண்டு மாசத்துக்கு பன்னெண்டு டப்பா குடுத்தாங்க. நாலுல அட்டோர்வா 20, நாலுல வெத்து மாத்திரை, நாலு டப்பா காலி. தினமும் உடம்புல தொந்தரவு எவ்வளவு இருக்குன்னு நூத்துக்கு மார்க் போடச் சொன்னாங்க. மாத்திரையே இல்லாத மாசத்துல சராசரி 8, வெத்து மாத்திரை மாசத்துல 15.4, நிஜ மாத்திரை மாசத்துல 16.3. அதாவது மாத்திரை சாப்பிடுறோம்ங்கிற நினைப்புலயே தொந்தரவு கிட்டத்தட்ட ரெட்டிப்பாகுது, உள்ள மருந்து இருந்தாலும் இல்லாட்டியும். இதை அவர்கிட்ட சொல்லும்போது ஜாக்கிரதையா சொல்லுங்க, "எல்லாம் உன் மனசுல"ன்னு சொல்லிடாதீங்க. அவங்களுக்கு வலிச்சது நிஜம், உங்க வீட்டுக்காரருக்கு வலிக்கிறதும் நிஜம். ஒரு தடவை செத்துப் பொழச்ச மனுஷன், ஒவ்வொரு சுருக்குன்னு வலிக்கும் உள்ளுக்குள்ள நடுங்குவார், அப்ப போய் ஒருத்தர் சதையைத் தின்னுடும்னு சொன்னா உடம்பு அதையே கவனிச்சுக்கிட்டு இருக்கும்ல.

தசை வலி மாத்திரையாலதானான்னு சந்தேகப்படுறதுக்கு எங்களுக்கு சில அடையாளம் இருக்கு. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வலிக்கும், தொடை, இடுப்பு, தோள் மாதிரி பெரிய தசையில இருக்கும், மாத்திரை ஆரம்பிச்சோ டோஸ் கூட்டியோ நாலஞ்சு வாரத்துக்குள்ள வரும், நிறுத்தினா ரெண்டு மூணு வாரத்துல நல்லா கொறையும், மறுபடி குடுத்தா திரும்ப வரும். அவர் விஷயத்துல ரெண்டு பக்கமும் தொடையும்ங்கிறது பொருந்துது, ரெண்டு மாசத்துக்கு மேல ஒண்ணுமில்லாம இருந்து திடீர்னு வந்ததுங்கிறது பொருந்தலை, கேப்சூல் உள்ள வந்ததும் டோஸ் கூட்டின மாதிரி ஆச்சுன்னு வச்சா அதுவும் பொருந்துது. அதனாலதான் எனக்கு அந்தப் பின்குறிப்பு மேல இவ்வளவு கண்ணு.

கெண்டைக்கால் வலியை மட்டும் தனியாப் பாக்கணும். நடந்தா வலி வருது, நின்னா அஞ்சு நிமிஷத்துல போயிடுது, மறுபடி அதே தூரம் நடந்தா மறுபடி வருதுன்னா அது தசை கோளாறு இல்லை, கால் ரத்தக்குழாய்ல அடைப்பு. இதயத்துல அடைப்பு வந்த சுகர்காரருக்கு கால்லயும் இருக்க நல்லாவே வாய்ப்பு இருக்கு, அப்படி இருந்தா ஸ்டாட்டினை நிறுத்தினது ரொம்பத் தப்பான நேரத்துல பண்ணின ரொம்பத் தப்பான காரியம். டாக்டர் பாதத்துல நாடி பிடிச்சுப் பாத்து, கைக்கும் கணுக்காலுக்கும் பி.பி. எடுத்து ஒப்பிட்டுப் பாத்தா தெரிஞ்சுடும், வலியில்லாத டெஸ்ட். தைராய்டு கொறைஞ்சிருந்தாலும் தசை வலிக்கும், அதோட ஸ்டாட்டினும் சேந்தா கூடவே வலிக்கும், அதனால டி.எஸ்.எச்.ங்கிற தைராய்டு டெஸ்ட் பாக்காம ஸ்டாட்டின் மேல பழி போடக்கூடாது. மெட்டோப்ரோலாலும் சிலருக்கு கால் கனமா இருக்கிற மாதிரி சோர்வைக் குடுக்கும், அதுக்காக அதையும் அவரா நிறுத்திடப் போறார், சொல்லி வைங்க.

அதனால இந்த வாரத்துக்குள்ள ஸ்டென்ட் வச்ச டாக்டர் கிட்டயோ அவர் கைகாட்டுற டாக்டர் கிட்டயோ போங்க. மூணு வாரமா அட்டோர்வா சாப்பிடலை, ஒரு மாசம் இட்ராகோனசோல் சாப்பிட்டார், ரெண்டையும் வாயைத் திறந்து சொல்லுங்க, கேப்சூல் அட்டை இருந்தா கொண்டு போங்க. அவர் சி.பி.கே., கிரியேட்டினின், கல்லீரல் டெஸ்ட், டி.எஸ்.எச்., கொலஸ்ட்ரால் எல்லாம் எழுதுவார். சி.பி.கே. தசை உடைஞ்சா ரத்தத்துல ஏறுற ஒரு என்சைம். ஆனா நல்லா நடந்தாலே, பளு தூக்கினாலே, இடுப்புல ஊசி போட்டாலே கூட அது ஏறும், அதனால டெஸ்டுக்கு மூணு நாள் முன்னாடி இருந்து கடுமையா எதுவும் செய்யக்கூடாது, இல்லைன்னா வர்ற நம்பரைப் பாத்து எல்லாரும் வீணா பயந்துடுவீங்க. லேப்ல போட்டிருக்கிற நார்மல் உச்சத்தைப் போல நாலு மடங்குக்குக் கீழ இருந்தா பொதுவா பயம் வேண்டாம், பத்து மடங்கைத் தாண்டினா உடனே கவனிக்கணும். அவருக்கு மூணு வாரமா எல்லாமே நின்னு போச்சே, இப்ப எடுத்தா நார்மலா வரத்தான் வாய்ப்பு அதிகம்.

நார்மலா வந்தா மறுபடி ஸ்டாட்டின் ஆரம்பிக்கணுமான்னா, கண்டிப்பா ஆரம்பிக்கணும். ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, ஸ்டென்ட் சரி பண்ணினது ரோட்ல ஒரே ஒரு பள்ளத்தை மட்டும்தான். அதே ரோட்ல அங்கங்க கொழுப்புப் படிவு இருக்கு, அது மேல பாலாடை மாதிரி மெல்லிசா ஒரு தோல், அது கிழிஞ்சாதான் அங்க ரத்தம் உறைஞ்சு அடுத்த அட்டாக். ஸ்டாட்டின் கல்லீரல்ல கொலஸ்ட்ரால் உற்பத்தியைக் கொறைக்குது, கல்லீரல் வேற வழி இல்லாம ரத்தத்துல இருக்கிற எல்.டி.எல்.லை இழுத்துக்குது, படிவு சுருங்கி அந்தத் தோல் தடிக்குது. ஒரு அட்டாக் வந்தவருக்கு மொத வருஷம்தான் ஆபத்து அதிகம், அவர் இப்ப அதுக்கு நடுவுல நிக்கிறார். மூணு வாரம் நிறுத்தினதுல அந்த 68 இந்நேரம் பழைய 142 பக்கமா திரும்பிப் போயிருக்கும்.

ஆனா அதே 80-ஐத்தான் சாப்பிடணும்னு இல்லை, இதை அவர்கிட்ட மொதல்ல சொல்லுங்க, பாதி பயம் போயிடும். ஸ்டாட்டின்ல ஒரு கணக்கு இருக்கு, டோஸை ரெட்டிப்பாக்கினா எல்.டி.எல். கூடுதலா ஒரு ஆறு சதவீதம்தான் இறங்கும். அட்டோர்வா 10 எம்.ஜி.யிலயே முப்பத்தஞ்சு நாப்பது சதவீதம் கிட்ட இறங்கிடும், 80-க்குப் போனா அம்பதைத் தாண்டும். அதனால டோஸைக் கொறைச்சு, குடல்ல கொலஸ்ட்ரால் உறிஞ்சறதைத் தடுக்கிற எசெடிமிப் 10 எம்.ஜி.யைக் கூட சேத்தா கணக்கு சமமாயிடும். கொரியாவுல 3780 இதய நோயாளிகள்கிட்ட ரோசுவாஸ்டாட்டின்ங்கிற இன்னொரு ஸ்டாட்டின் 20 எம்.ஜி. மட்டும் ஒரு பக்கம், ரோசுவா 10-ம் எசெடிமிப்பும் ஒரு பக்கம்னு குடுத்து மூணு வருஷம் பாத்தாங்க, இதயத்தைப் பாதுகாக்குறதுல ரெண்டும் சமம், ஒத்துக்கலைன்னு நிறுத்தினவங்களோ டோஸ் கொறைச்சவங்களோ சேத்துக் குடுத்த பக்கம்தான் கம்மி. அவரோட 68-மே போதாது அம்மா, அட்டாக் வந்தவருக்கு 55-க்குக் கீழ இருக்கணும்னுதான் இப்ப நாங்க பாக்குறோம், அதனால எசெடிமிப் எப்படியும் வர வேண்டியதுதான். அதுவும் ஒத்துக்கலைன்னா அட்டோர்வாவோ ரோசுவாவோ ஒரு நாள் விட்டு ஒரு நாள் குடுத்துப் பாக்கலாம், அது ரெண்டும் உடம்புல ரொம்ப நேரம் நிக்கிற மருந்து. அப்பவும் முடியலைன்னா பெம்பெடோயிக் ஆசிட்னு ஒண்ணு இருக்கு, அது கல்லீரல்ல போய்த்தான் வேலை செய்யுற உருவத்துக்கு மாறும், தசைக்குள்ள மாறாது. எது எப்பங்கிறதை அவரைப் பாக்குற டாக்டர் முடிவு பண்ணட்டும், வழி நிறைய இருக்குன்னு உங்க ரெண்டு பேருக்கும் தெரியணும்னுதான் இவ்வளவு எழுதுறேன்.

பூண்டும் மருதம்பட்டையும் கேட்டீங்க. பூண்டு எல்.டி.எல்.லை கொஞ்சம் இறக்கும், சாப்பாட்டுல தாராளமா சேத்துக்கோங்க, ஆனா 142-ஐ 55-க்குக் கொண்டு வர்ற வேலை அதால ஆகாது. மருதம்பட்டை கசாயத்தை ரத்தம் உறையாம இருக்கக் குடுக்குற ரெண்டு மாத்திரையோட சேத்து டாக்டரைக் கேக்காம குடுக்காதீங்க. கெமிக்கல் வேண்டாம்ங்கிறார்னா அவருக்கு ஒண்ணு சொல்லுங்க, ஸ்டாட்டினோட மொத மூலக்கூறை ஜப்பான்ல அகிரா எண்டோங்கிற விஞ்ஞானி 1973-ல கண்டுபிடிச்சது ஒரு பூஞ்சையில இருந்துதான், ஆறாயிரம் பூஞ்சைக்கு மேல சோதிச்சு சோதிச்சு எடுத்தார். இன்னைக்கு அட்டோர்வாவை ஆலையில செய்றாங்க, ஆனா கத்துக்கிட்டது அங்க இருந்துதான். மீன் சாப்பிடுறவர்னா மத்தி, கானாங்கெளுத்தியைக் குழம்பா வைங்க, எண்ணெய்ல பொரிக்காதீங்க.

நடை. நடக்கணும், விடவே கூடாது, அட்டாக் வந்தவருக்கு நடையும் ஒரு மாத்திரைதான். ஸ்டாட்டின் சாப்பிட்டா உடற்பயிற்சி செய்யக்கூடாது, தசை போயிடும்னு பரவலா ஒரு பயம் இருக்கு. நெதர்லாந்துல நைமேகன்னு ஒரு ஊர்ல வருஷா வருஷம் நாலு நாள் நடைப் பயணம் நடக்கும், தினமும் 30, 40, 50 கிலோமீட்டர்னு நடப்பாங்க. அங்க ஸ்டாட்டின் சாப்பிட்டு தசை வலி இருக்கிறவங்க, சாப்பிட்டும் வலி இல்லாதவங்க, சாப்பிடாதவங்கன்னு மூணு கூட்டத்தை வச்சு ரத்தம் எடுத்துப் பாத்தாங்க. நடந்ததால தசை சேதம் மூணு கூட்டத்துக்கும் ஒரே மாதிரிதான் ஏறிச்சு, ஸ்டாட்டின் கூட்டத்துக்குன்னு தனியா அதிகமாகலை. ஆரோக்கியமான 420 பேருக்கு அட்டோர்வா 80-ம் வெத்து மாத்திரையும் ஆறு மாசம் குடுத்த இன்னொரு ஆய்வுல, வலின்னு சொன்னவங்க 9.4 சதவீதம், வெத்து மாத்திரைல 4.6, ஆனா தசை பலத்தையும் மூச்சுத் திறனையும் அளந்து பாத்தப்போ வித்தியாசமே இல்லை. சிம்வாஸ்டாட்டின் சாப்பிட்டவங்களுக்கு பயிற்சியோட பலன் கொறைவாக் கெடச்சுதுன்னு 2013-ல ஒரு சின்ன ஆய்வும் இருக்கு, அதை மறைக்க விரும்பலை, ஆனா அதுக்காக ரெண்டுல ஒண்ணை விடுற நெலமைல அவர் இல்லை.

ஆரம்பிக்கிற வரிசைதான் முக்கியம், ஒரு நேரத்துல ஒண்ணு. மாத்திரையை டாக்டர் கொஞ்ச நாள் கழிச்சு ஆரம்பிக்கச் சொன்னா, அவர் சரின்னதும் மொதல்ல நடை மட்டும் ஒரு வாரம், மணல்ல வேண்டாம், சில்வர் பீச்சுக்குப் போற தார் ரோடோ மஞ்சக்குப்பம் அண்ணா ஸ்டேடியமோ போதும், நல்ல ஷூவும் சாக்ஸும் போட்டுக்கிட்டு இருபது நிமிஷம், கூட வர்றவர் கிட்ட பேசிக்கிட்டே நடக்க முடியணும், பேச்சு தடுமாறினா வேகம் ஜாஸ்தின்னு அர்த்தம். மாத்திரையை மட்டும் டாக்டர் சொன்ன நாள்ல, சொன்ன டோஸ்ல ஆரம்பிங்க, நடைக்காக அதைத் தள்ளிப் போட வேண்டாம். அவர் உடனே ஆரம்பிக்கச் சொன்னா உடனே ஆரம்பிச்சுட்டு நடையை ஒரு வாரம் தள்ளுங்க. ரெண்டும் ஒரே நாள்ல மட்டும் வேண்டாம். வாரத்துக்கு அஞ்சு நிமிஷமா ஏத்தி நாப்பதுக்குக் கொண்டு வாங்க. ஒரு நோட்டுல தினமும் வலிக்கு பத்துக்கு எவ்வளவுன்னு அவரையே எழுதச் சொல்லுங்க. கூடவே ஒரு சின்ன சோதனை, கை வைக்காத நாற்காலில உக்காந்து ரெண்டு கையையும் நெஞ்சுல கட்டிக்கிட்டு அஞ்சு தடவை எழுந்து உக்காரச் சொல்லுங்க, நீங்க செகண்டு பாருங்க. பதினஞ்சு செகண்டுக்கு மேல ஆனா தொடை பலவீனமா இருக்குன்னு அர்த்தம். வாரம் ஒரு தடவை பண்ணுங்க, பாத்ரூம் பைப்பை விட இது சரியாச் சொல்லும், நெஞ்சு வலியோ தலைசுத்தலோ வந்தா நிறுத்திடணும். படர்தாமரை திரும்ப வந்தா மெடிக்கல்ல நிக்காம தோல் டாக்டர் கிட்ட இதய மாத்திரை லிஸ்ட்டோட போங்க, பூசுற மருந்துலயே முடிச்சுக்கலாமான்னு கேளுங்க.

இனி அவர்கிட்ட எப்படிச் சொல்றது. ஜன்னல் கதையை ஆரம்பத்துலயே எடுக்காதீங்க. "உங்க கால் வலி எதனாலன்னு பாக்கலாம், அந்தப் படர்தாமரை கேப்சூலா இருக்கலாம்னு ஒரு டாக்டர் எழுதியிருக்கார்"னு இந்தப் பக்கத்தைக் கைல குடுங்க. வலின்னு அவர் சொன்னது பொய்யில்லைன்னு தெரிஞ்சாலே மனுஷன் இறங்கி வருவார். மாத்திரை வீசினதை டாக்டர் முன்னாடி அவரே சொன்னா நல்லது, சொல்லலைன்னா நீங்க சொல்லிடுங்க அம்மா, அவர் அன்னைக்கு கோவிச்சுக்கிட்டாலும் பரவாயில்லை, ஏன்னா அவர் அட்டோர்வா சாப்பிட்டுக்கிட்டு இருக்கார்னு நினைச்சுத்தான் அந்த டாக்டர் அடுத்த டோஸை முடிவு பண்ணுவார். சி.பி.கே. ரிசல்ட்டும் அந்த அஞ்சு தடவை எழுந்த செகண்டும் வந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்க, பாதத்துல ஏதாவது கீறல் இருந்துச்சான்னும் சேத்து எழுதுங்க.